தோட்டப் பாதைக்குக் குதிரை: விற்பவர் சொல்வதை நம்பலாமா?

சுங்கை சிப்புட் பக்கம் செம்பனைத் தோட்டப் பாதையில் சவாரி போக ஒரு குதிரை பார்த்திருக்கேன். ‘8 வயசு, சாது’ங்கிறார். எதைப் பார்க்கணும்ணே?

பதில்: வாயைத் திறந்து மேல் கடைசி வெட்டுப்பல்லைப் பாருங்க. ஈறை ஒட்டிப் பழுப்புக் கோடு தெரிஞ்சா சுமார் 10 வயசு. பாதிப் பல் வரை இறங்கியிருந்தா 15. கொஞ்சம் முன்பின் இருக்கும், ஆனா கோடு தெரிஞ்சா 8ங்கிறதைச் சந்தேகப்படுங்க.

பதில்: சொன்ன நேரத்துக்கு 1 மணி நேரம் முன்னாடியே போங்க தம்பி. முதுகில் ஈரமான சேணத் தடம் இருந்தா, ஓட்டிக் களைக்க வச்சிருக்காங்க. கீழுதடு தொங்கி, கால் தள்ளாடினா மயக்க மருந்தா இருக்கலாம். தார் ரோட்டில் துள்ளோட்டம் விடுங்க. வலிக்கிற முன்னங்காலை ஊன்றும்போது தலை மேலே எழும்பும். ஃபீனைல்பியூட்டசோன்னு வலி மருந்து கொடுத்தா அதுவும் மறையும். அதனால மிருக வைத்தியர் அன்னைக்கே மருந்து இருக்கான்னு பார்க்க ரத்தம் எடுக்கட்டும், காசு அப்புறம்.

பதில்: லோரியில் ஏறுதான்னும் பாருங்க லா.