கண்ணாடி மாற்றப் போன இடத்தில் தெரிந்த இணைப்புத் திசுக் கோளாறு

பாலக்கோட்டிலிருந்து ஒரு தந்தை:

என் மகன் ஒன்பதாம் வகுப்பிலேயே என்னைவிட உயரமாகிவிட்டான். தாய்மாமனைப் போல் வளர்கிறான் என்று வீட்டில் மகிழ்ந்தோம். பள்ளியில் வாலிபால் அணியிலும் சேர்த்துக்கொண்டார்கள். ஓராண்டுக்குள் மூன்றாம் முறையாகக் கண்ணாடி மாற்றத் தருமபுரிக்கு அழைத்துச் சென்றபோது, கண் மருத்துவர் சொட்டு மருந்து விட்டுப் பார்த்துவிட்டு, லென்ஸ் நடுவில் இல்லாமல் மேற்புறமாக நகர்ந்திருக்கிறது என்றார். பிறகு அவன் கட்டைவிரலை உள்ளங்கைக்குள் மடக்கி, மற்ற விரல்களால் மூடச் சொன்னார். கட்டைவிரல் நகம் முழுவதும் சுண்டுவிரல் பக்கமாக வெளியே நீண்டது. இரு கைகளையும் விரித்து அளந்ததில், 178 செ.மீ. உயரத்தைவிட 11 செ.மீ. கூடுதலாக இருந்தது. இதயத்துக்கு எக்கோ எடுக்கும்படி எழுதிக் கொடுத்தார். கண்ணுக்கு வந்தவனுக்கு நெஞ்சில் என்ன பரிசோதனை என்று எனக்குக் கோபம்தான் வந்தது.

எக்கோவில், இதயத்திலிருந்து கிளம்பும் பெரிய இரத்தக் குழாயான மகாதமனியின் அடிப்பகுதி விரிந்திருந்தது. மார்ஃபான் நோய், அதாவது உறுப்புகளைத் தாங்கிப் பிணைக்கும் இணைப்புத் திசுவில் பிறவியிலேயே வரும் கோளாறு என்றார்கள். ஃபைப்ரில்லின் என்ற புரதத்தை உருவாக்கும் மரபணுவில் பிழை; கண்ணில் லென்ஸைக் கட்டி நிறுத்தும் நுண்ணிழைகளுக்கும், மகாதமனிச் சுவரின் உறுதிக்கும் அந்த ஒரே புரதம் தேவைப்படுகிறது என்று விளக்கியபோதுதான் என் கோபம் அடங்கியது. இப்போது இரத்த அழுத்தத்தைக் குறைக்கும் லோசார்டான் மாத்திரை, ஆண்டுதோறும் எக்கோ. வாலிபால் நின்றுவிட்டது, அதுதான் அவனுக்குப் பெரிய வருத்தம். பெற்றோர் எங்கள் இருவருக்கும் இந்நோய் இல்லை. இந்நோய் உள்ளவர்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கு இப்படிப் புதிதாகவே ஏற்படுமாம். பயந்துபோய் எக்கோ எடுத்துக்கொண்ட தாய்மாமனுக்கும் வெறும் உயரம்தான்.

தேன்கனிக்கோட்டையிலிருந்து ஒரு மகள்:

எங்கள் அம்மாவின் சீட்டிலும் இணைப்புத் திசு நோய் என்றுதான் எழுதியிருந்தது. ஆனால் அது பிறவியில் வந்ததன்று. மார்கழி அதிகாலையில் பால் கறக்க உட்கார்ந்தால், அவர் விரல்கள் சுண்ணாம்பாக வெளுத்து, நீலம் பாய்ந்து, அடுப்பருகே வந்தபின் சிவந்து எரியும். எங்கள் ஊர்க் குளிருக்கு இது வழக்கம் என்று விட்டுவிட்டோம். மோதிரம் கழலாமல் போய், விரல் தோல் இறுகி மினுமினுத்த பிறகே வாத நோய் மருத்துவரிடம் சென்றோம். ஸ்கிளீரோடெர்மா என்றார்: உடலின் எதிர்ப்பாற்றல் தடம் மாறியதால், திசுவுக்கு உறுதி தரும் கொலாஜன் என்ற புரதம் அளவுக்கு மீறிப் படிகிறது. உங்கள் மகனுக்குத் தளர்ந்த திசு, அம்மாவுக்கு இறுகுகிறது. நுரையீரலையும் சிறுநீரகத்தையும் தாக்கக்கூடும் என்பதால் சி.டி. ஸ்கேன் எடுத்தார்கள், இரத்த அழுத்தத்தை நாங்களே வீட்டில் அளந்து குறித்து வைக்கிறோம். கையுறை இல்லாமல் அவரைத் தண்ணீரில் கை வைக்க விடுவதில்லை. பால் கறப்பதை அப்பா ஏற்றுக்கொண்டார். இரண்டு வாரம் மாடு அவரை உதைத்துக்கொண்டே இருந்தது.