போர்ட் பிளேர் டு அகத்தி: பிளைட் தூரம் எது சரி?

குன்னூர்க்காரி:
வணக்கம், ஒரு டவுட். தம்பி அஞ்சு வருஷமா போர்ட் பிளேர்ல ஒரு கட்டட கம்பெனில சூப்பர்வைசரா இருக்கான், அடுத்த மாசம் லட்சத்தீவுல அகத்திக்கு மாத்தறாங்களாம். அதுவும் தீவுதானே, அங்கேயே பக்கத்துல இருக்கும்னு அம்மா நெனச்சிட்டு இருந்தாங்க, மேப்ப காமிச்சா ஒண்ணு கெழக்கு கடல்ல ஒண்ணு மேக்கு கடல்ல, அதுல இருந்து ஒரே பொலம்பல். நெட்ல ரெண்டு ஏர்போர்ட்டுக்கும் தூரம் தேடினா ஒரு சைட்ல 1,212னு இருக்கு, இன்னொண்ணுல 2,245. இவ்ளோ வித்தியாசம் எப்படி? நேரா பிளைட் இருக்கா?

கேத்தி வாத்தியார்:
ரெண்டுமே சரிதாம்மா. 1,212ங்கறது நாட்டிக்கல் மைல், விமானம் கப்பல் எல்லாத்துக்கும் அந்த கணக்குதான். ஒரு நாட்டிக்கல் மைல் 1.852 கிலோமீட்டர், பெருக்கிப் பாருங்க 2,245 வந்துடும்.

ஆனா அது காக்கா பறக்கற தூரம். மேட்டுப்பாளையம் குன்னூர் நேரா அளந்தா 16 கிலோமீட்டர் சொச்சம்தான், நம்ம மலை ரயில் 28 கிலோமீட்டர் வளைஞ்சு வளைஞ்சு ஏறுது இல்லையா, அந்த மாதிரிதான். நேர் பிளைட் கிடையாது, போர்ட் பிளேர்ல இருந்து சென்னை 1,370, சென்னை கொச்சி 520, கொச்சி அகத்தி 465, மொத்தம் 2,355 கிட்ட வரும். சென்னையும் கொச்சியும் வழியிலேயே இருக்கறதால சுத்து 110 கிலோமீட்டர்தான்.

மஞ்சூர் மணி:
அக்கா, நான் போர்ட் பிளேர்ல ரெண்டு வருஷம் வேலை பாத்தவன் (2024ல ஸ்ரீ விஜயபுரம்னு பேர் மாத்திட்டாங்க). டிசம்பர்ல அங்க அஞ்சரைக்கெல்லாம் இருட்டிடும். ரெண்டு ஊருக்கும் கடிகாரம் ஒண்ணுதான், ஆனா தீர்க்கரேகை 20 டிகிரிக்கு மேல தள்ளி இருக்கறதால அகத்தில சூரியன் ஏறக்குறைய 1 மணி 20 நிமிஷம் லேட்டா வரும், லேட்டா போகும். தம்பிகிட்ட இத சொல்லி வைங்க, மொதல் வாரம் தூக்கமே கொழம்பிடும்.

அகத்தி ரன்வே சின்னது, 1,200 மீட்டர்தான், அதனால ஏடிஆர் மாதிரி ஃபேன் வச்ச சின்ன பிளைட்தான் எறங்கும், ரெண்டு பக்கமும் கடல். பர்மிட் இல்லாம உள்ள விடமாட்டாங்க, நீங்க பாக்கப் போனாலும் வேணும், அத முன்னாடியே வாங்கிடுங்க.

கேத்தி வாத்தியார்:
இன்னொண்ணு. அம்மாகிட்ட குன்னூர்ல இருந்து அளந்து சொல்லுங்க. போர்ட் பிளேர் நேர்கோட்ல 1,735 கிலோமீட்டர், அகத்தி 510 தான். புள்ள மூணுல ஒரு பங்கு தூரத்துக்கு வந்துட்டான். பொலம்பற விஷயமே இல்ல, சந்தோஷப்படச் சொல்லுங்க.

குன்னூர்க்காரி:
ரொம்ப நன்றி சார், மணி உங்களுக்கும். இப்பதான் படிச்சு காமிச்சேன், அம்மா ரெண்டு தடவ கேட்டாங்க, 510 தானா 510 தானான்னு. அப்புறம் தானா எழுந்து போய் வர்க்கி வாங்கணும் எத்தன நாள் கெடாம இருக்கும்னு கேக்கறாங்க. பர்மிட்டுக்கு என்ன பேப்பர் வேணும்னு தம்பிய கேக்க சொல்லிட்டேன். கோயம்புத்தூர்ல இருந்து கொச்சி ஏர்போர்ட்டுக்கு காலைல போய் சேர்ற மாதிரி எந்த வண்டி வசதி, போனவங்க யாராவது சொல்லுங்களேன், அம்மாவுக்கு முட்டி வலி, ரொம்ப நேரம் பஸ்ல ஒக்கார முடியாது.