எஸ்டி ரோட்கிங்குக்கு இம்பல்ஸ் ஃபோர்க்: யாராவது மாட்டியிருக்கீங்களா?

அண்ணன்மாரே, ஒரு யோசனை வேணும். எங்க சித்தப்பா ஒரு காலத்துல மண் ரேஸுக்குன்னே மாத்தி வச்சிருந்த எஸ்டி ரோட்கிங் பைக் ஒண்ணை, திருமங்கலத்துல மாட்டுக்கொட்டகையிலேருந்து மீட்டு எடுத்திருக்கேன். இன்ஜின் ஓடுது. அந்த டூ ஸ்ட்ரோக் சத்தம் கேட்டு அவரு கண்ணு கலங்கிட்டாரு.

பிரச்சனை முன்னாடிதான். முன் சக்கரத்தைத் தாங்குற ஃபோர்க் பைப் ரெண்டும் துருப்பிடிச்சு குழி விழுந்து கிடக்கு. புது ஆயில் சீல் போட்டும் ரெண்டே நாள்ல ஒழுகுது. எஸ்டி செஞ்ச மைசூர் கம்பெனியை 1996லயே மூடிட்டாங்க. மதுரை சிம்மக்கல் பக்கம் கடை கடையா ஏறி இறங்கியும் நல்ல பைப் சிக்கல. அதனால 2011ல வந்த ஹீரோ இம்பல்ஸ் பைக்கோட ஃபோர்க், டி (ஃபோர்க் பைப் ரெண்டையும் பிடிக்கிற கிளாம்ப்), 19 இஞ்ச் வீல், டிஸ்க் எல்லாம் சேர்த்து பழசா வாங்கிட்டேன். அவசரப்பட்டுட்டேன், திட்டாதீங்க.

இப்ப ஸ்டெம், அதாவது டியிலேருந்து ஃபிரேமுக்குள்ள போற தண்டு, சேரல. கீழ் டியிலேருந்து இம்பல்ஸ் ஸ்டெம்மை பிரஸ்ல தள்ளி எடுத்துட்டு, எஸ்டி ஸ்டெம்முக்கு லேத்துல புஷ் (இடைவெளியை அடைக்கிற வளையம்) கடைஞ்சு ஏத்தலாமா? இல்ல, ஃபிரேமைத் தொடாம ரெண்டுக்கும் பொருந்துற கோன் பேரிங் தேடுறது நல்லதா? வெல்டிங் மட்டும் சொல்லாதீங்க. அந்த இடம் விட்டுப்போனா பல்லு மிஞ்சாது.

இன்னொண்ணு, இந்த ஃபோர்க் நீளம் கூட. முன்பக்கம் தூக்குனா கோணம் சாஞ்சு ஹேண்டில் மந்தமாகும்னு தெரியும். பைப்பை டிக்கு மேல கொஞ்சம் ஏத்தி விட்டா சரியாகுமா? முழுசா அமுங்கும்போது டயர் மட்கார்டுல இடிக்குமான்னு ஸ்பிரிங்கைக் கழட்டிட்டுப் பார்க்கப் போறேன்.

கப்பலூர் சிட்கோ பக்கம் இந்த வேலையைப் பொறுமையா செய்ற லேத்துக்காரர் யாராவது இருந்தாலும் சொல்லுங்க.