படங்களுக்குப் பின்னால் பழைய சுவர்

லண்டனில் அரண்மனை அரண்மனையாய்ப் பார்த்துக் கால் ஓய்ந்தவர்களுக்கு ஒரு வீட்டைச் சொல்கிறேன். கென்சிங்டன் பகுதியில் ஸ்டாஃபோர்டு டெரஸ், எண் 18. வெளியிலிருந்து பார்த்தால் வரிசை வீடுகளில் அதுவும் ஒன்று. நான் முதலில் தாண்டிப் போய்விட்டுத் திரும்பி வந்தேன்.

'பஞ்ச்' என்ற ஆங்கில நகைச்சுவை இதழில் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் கார்ட்டூன் வரைந்த எட்வர்ட் லின்லி சாம்போர்ன், 1875இல் மனைவி மேரியனுடன் குடிவந்த வீடு இது. ஆப்பிரிக்காவின் மேல் கால்களை அகட்டி நிற்கும் பிரிட்டிஷ் ஏகாதிபத்தியவாதி செசில் ரோட்ஸின் படத்தை வரலாற்றுப் புத்தகத்தில் பார்த்திருப்பீர்கள். 1892இல் அதை வரைந்தவர் இவர்தான்.

உள்ளே நுழைந்ததும் மூச்சு முட்டியது. கடிகாரம், பீங்கான், நாற்காலி, சுவர் தெரியாமல் நெருக்கி மாட்டிய படங்கள். பிறகு சுவர்த்தாளின் கதையைச் சொன்னார்கள். முதலில் ஒட்டியது வில்லியம் மாரிஸ் வடிவமைத்த தாள். பின்னாளில், தோல் போலவே புடைப்பு வேலை செய்த ஜப்பானியத் தாளின்மேல் சாம்போர்னுக்கு ஆசை வந்தது. ஆனால் விலை அதிகம். அதனால் கண்ணுக்குத் தெரியும் இடங்களில் மட்டும் ஒட்டிவிட்டு, படங்களுக்குப் பின்னால் பழையதையே விட்டுவிட்டார்! சுவரின் காரை பெயர்ந்த இடத்தில் காலண்டர் மாட்டிய வீட்டில் வளர்ந்தவள் நான். அந்த நொடியே அந்தக் குடும்பம் எனக்குத் தெரிந்தவர்களாகிவிட்டது.

குளியலறையில் பளிங்குத் தொட்டி. அவர் புகைப்படங்களைக் கழுவியது அதில்தான். கார்ட்டூனுக்கு வேண்டிய பாவனைகளில் தானும் நிற்பார், வீட்டாரையும் வேலையாட்களையும் நிறுத்துவார். அப்படி எடுத்த நீலநிறப் புகைப்படங்களின் முன் நெடுநேரம் நின்றேன்.

பெற்றோருக்குப் பின் மகன் ராய் அதிகம் எதையும் மாற்றாமல் அங்கேயே வாழ்ந்தார். அடுத்து வந்த மருமகள், அதாவது அவருடைய சகோதரியின் மகள் ஆன், அதன் அருமை அறிந்தவர். விக்டோரியா காலக் கட்டடங்களை அசிங்கம் என்று இடித்துத் தள்ளிய நாட்களில், அவற்றைக் காக்க விக்டோரியன் சொசைட்டி 1958இல் உருவானது இந்த வீட்டில்தான். 1980இல் வீடு பொதுச் சொத்தானது.

போகிறவர்கள் மேல்மாடிவரை ஏறிவிடுங்கள். பணிப்பெண்ணின் அறையை அங்கே மீண்டும் அமைத்திருக்கிறார்கள். கீழே கால் வைக்க இடமில்லாமல் சாமான்களைப் பார்த்துவிட்டு அங்கே நின்றபோது தொண்டை அடைத்துக்கொண்டது. நானும் உடன் வந்த தங்கையும் கீழே இறங்கும்வரை பேசிக்கொள்ளவில்லை.