ஈமுவின் நெஞ்செலும்பு யாரிடமாவது இருக்கிறதா?

எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பறவை எப்படிப் பறக்கிறது என்பதை எலும்பை வைத்தே காட்டலாம் என்று கறிக்கடையில் கோழி நெஞ்செலும்பு வாங்கி, வேகவைத்துச் சுத்தம் பண்ணி வைத்திருக்கிறேன். நடுவில் துருத்தி நிற்கும் தகட்டில்தான் சிறகை இறக்கும் தசை, ஏற்றும் தசை இரண்டும் ஒட்டியிருக்கும். ஏற்றும் தசையின் நாண் தோளுக்கு மேலே வளைந்துபோய் கப்பிக் கயிறு மாதிரி இழுக்கும், அருமையான ஏற்பாடு. ஈமு, நெருப்புக்கோழிக்கு அந்தத் தகடே கிடையாது, நெஞ்செலும்பு தட்டை. பக்கத்தில் வைத்தால் சட்டென்று புரியும். ஈமு பண்ணை வைத்திருந்தவர்கள், கால்நடை மருத்துவம் படிப்பவர்கள் யாராவது ஒன்று இரவல் தர முடியுமா? பக்கவாட்டில் எடுத்த தெளிவான படம் கிடைத்தாலும் சரி. அப்புறம், பென்குயின் பறக்காது, ஆனால் தண்ணீருக்குள் சிறகடித்தே நீந்துவதால் அதற்குத் தகடு நன்றாகவே இருக்கிறது. இதைப் பிள்ளைகளைக் குழப்பாமல் சொல்ல வழி தெரிந்தால் எழுதுங்கள்.