45 நிமிஷத்துக்கு மேல யாரும் நிக்க மாட்டாங்களாம்!

சிப்புட் மல்லி (இரவு 9:12)
போன வாரம் கோயில் திருவிழா பேச்சுல பழைய கிராணி அங்கள் எழுதினதை அப்படியே போடுறேன்: "எந்த ஊர் ராட்டினமா இருந்தாலும் மனுஷன் 45 நிமிஷத்துக்கு மேல வரிசையில நிக்க மாட்டான். அதுக்கு மேல நின்னேன்னு சொல்றவன் பொய் சொல்றான்."

அங்கள், பள்ளி விடுமுறைக்குச் சுங்கை சிப்புட்ல இருந்து பஸ் எடுத்துத் தீம் பார்க்குக்குப் போனோமே, அதுல நீங்களும் வந்தீங்க. அந்த ரோலர் கோஸ்டருக்கு நானும் என் அக்கா மகனும் 2 மணி 10 நிமிஷம் நின்னோம். வாசல்ல எடுத்த படம் 11:05. வெளிய வந்து எடுத்த படம் 1:15. பார்க் பேரை இங்க இழுக்க வேணாம். ஆனா என்னைப் பொய் சொல்றவள்னு சொன்னா சும்மா இருக்க முடியாது.

பழைய கிராணி (9:31)
அம்மா மல்லி, உன் பேரை நான் சொல்லவே இல்லை. பொதுவா சொன்னேன். ஆனா நீயே வந்து தலையைக் கொடுத்திட்டே, அதனால கேக்குறேன். வாசல் போர்டுல என்ன போட்டிருந்தான்? 70 நிமிஷம். என் கண்ணால பார்த்தேன். அதுல கடைசி 25 நிமிஷம் ஏர்கோன் ஹாலுக்குள்ள பெரிய திரையில படம் காட்டுறான். அது வரிசையா? படம் பார்க்கிறது. 70ல 25 போச்சுன்னா 45. நான் சொன்ன கணக்கு சென் சுத்தமா சரி.

ஆறாம் லயம் (9:38)
அங்கள் நீங்க ரைடே ஏறலையே. கீழ நிழல்ல உக்காந்து எல்லார் பையையும் பார்த்துக்கிட்டு மைலோ ஐஸ் குடிச்சீங்க.

பழைய கிராணி (9:44)
பையைப் பார்த்துக்கச் சொன்னது உங்க குடும்பம்தான் தம்பி. 11 பை. ஒண்ணு தொலைஞ்சுதா? நிழல்ல உக்காந்தவனுக்குத்தான் வரிசை முழுசா தெரியும். உள்ள நிக்கிறவனுக்கு முன்னாடி நிக்கிறவன் முதுகு மட்டும்தான் தெரியும். நான் 40 வருஷம் தோட்டத்துல காலையில வேலைக்கு ஆள் கூடுற பெரட்டுல தலை எண்ணினவன். அன்னிக்கும் எண்ணினேன். மல்லி நுழையும்போது அவளுக்கு முன்னாடி 930 தலை.

சிப்புட் மல்லி (9:50)
வெயில்ல நின்ன நேரத்தைச் சொல்லட்டுமா? இரும்புக் கம்பியில கை வைக்க முடியலை, அவ்வளவு சூடு. ஒன்பது வயசுப் பையன் என் துப்பட்டாவைத் தலையில போட்டுக்கிட்டு நின்னான். காலர் மறைக்காத இடம் மட்டும் பின்னங்கழுத்துல செவந்து, ராத்திரி தேங்காய் எண்ணெய் தடவினேன். ஒரு தடவை கூட "போலாம் சித்தி"ன்னு சொல்லலை. அந்தப் பிள்ளை நின்ன நேரத்தை 45ன்னு குறைக்க உங்களுக்கு மனசு எப்படி வருது?

ஈப்போ ரைடர் (10:02)
நான் சில வருஷம் ரைடு ஓட்டுற வேலை செஞ்சவன். ஒண்ணு கேக்குறேன்: எங்கிருந்து எங்க வரைக்கும் நேரம் எண்ணுறீங்க? வரிசை வால்ல நின்னதுல இருந்து சீட்ல உக்கார்ற வரைக்குமா? இல்லை ஹால் கதவு வரைக்குமா? முதல்ல அதைப் பேசி முடிங்க.

பழைய கிராணி (10:05)
போர்டுல 70. அதைப் பேசுங்க.

சிப்புட் மல்லி (10:06)
11:05, 1:15. ரெண்டு படமும் என்கிட்ட இருக்கு.

ஈப்போ ரைடர் (10:19)
கிராணி அங்கள், உங்க எண்ணிக்கையையே எடுத்துக்கிறேன். அந்த மாதிரி கோஸ்டர்ல ஒரு ரயிலுக்கு 20 சீட்னு வைங்க. ரெண்டு ரயில் ஓடினா 90 விநாடிக்கு ஒண்ணு கிளம்பும், மணிக்கு 800 பேர். 930 தலைக்கு 70 நிமிஷம். போர்டு அங்கதான் வருது. இப்போ ஒரு ரயிலைப் பழுதுக்குக் கழட்டினா மணிக்கு 400தான். முதல் 10 நிமிஷம் ரெண்டும் ஓடி ஒரு 130 பேர் போய்ட்டாங்கன்னா மிச்சம் 800. அதுக்கு 2 மணி நேரம். மொத்தம் 130 நிமிஷம். மல்லி சொன்ன அதே 2 மணி 10. வரிசையில இருக்கிற தலை, மணிக்கு ஏத்துற தலை, காத்திருக்கிற நேரம், இந்த மூணும் ஒண்ணையொண்ணு விடாது. 1961லயே ஜான் லிட்டில்னு ஒரு அமெரிக்கர் இதைக் கணக்கா நிரூபிச்சிட்டாரு.

ஆறாம் லயம் (10:22)
ஆமா! நடுவுல ஒரு ரயில் ஓரமா நின்னுச்சு. நானும் பார்த்தேன்.

பழைய கிராணி (10:30)
நான் பார்க்கலை. நான் பார்க்காத ரயிலை என் கணக்குல ஏத்தாதீங்க. 930 எண்ணினேன், அதுல பாதி இடம் பிடிச்சு வைக்கிற கூட்டம். ஒருத்தன் நிப்பான், பின்னால ஆறு பேர் தப்பாவ் பொட்டலத்தோட வந்து சேருவான். வந்து சேர்ந்தவன் நின்னானா? நிக்கலை. இதுலயும் நம்மாளுக்குப் பொறுமை கிடையாதுன்னுதான் தெரியுது. அந்தக் காலத்துல ரப்பர் பால் நிறுக்க வரிசையில தோள்ல காண்டா வாளியோட நின்னாங்க பாரு, அது வரிசை. ஒருத்தரும் முந்த மாட்டாங்க. முந்தினா மண்டோர் விட மாட்டான்.

தைப்பூசத் தொண்டர் (10:41)
பொறுமை இல்லைன்னு எப்படிச் சொல்றீங்க ஐயா? பத்துமலை முருகன் கோயில்ல 272 படி ஏற நம்ம ஜனம் நடுராத்திரியில இருந்து கைக்குழந்தையோட நிக்குது. அங்க எந்தப் போர்டும் இல்லை.

பழைய கிராணி (10:44)
சாமிக்கு நிக்கிறதையும் ராட்டினத்துக்கு நிக்கிறதையும் ஒரே தராசுல வைக்காதீங்க. வாயைக் கழுவுங்க.

தைப்பூசத் தொண்டர் (10:47)
17 வருஷமா தண்ணிப் பந்தல்ல நிக்கிறேன். என்னை வாயைக் கழுவச் சொல்ற தகுதி உங்களுக்கு இல்லை. போன வருஷம் பந்தலுக்கு ஆள் கேட்டப்போ முழங்கால் வலின்னு சொன்னது யாரு?

பழைய கிராணி (10:49)
முழங்கால் வலி உண்மை. டாக்டர் சீட்டு இருக்கு.

ஈப்போ ரைடர் (10:58)
உலகத்துல நடந்ததைப் பாருங்க. 2019 ஜூன் 13, ஃபுளோரிடாவுல ஆர்லாண்டோ யுனிவர்சல்ல ஹாக்ரிட் மோட்டார்சைக்கிள் ரைடு திறந்த அன்னிக்கு வரிசை 10 மணி நேரம் போச்சு. செய்தியிலயே வந்துச்சு. ஜனம் கலையலை. புதுசு, வேற எங்கயும் கிடைக்காது, இவ்வளவு தூரம் வந்தாச்சு, இந்த மூணும் சேர்ந்தா மனுஷன் நிப்பான். விடியறதுக்கு முன்னாடி பஸ் ஏறி வந்தவங்களுக்கும் அதே மனசுதான்.

பழைய கிராணி (11:03)
10 மணி நேரம்னு உனக்கு யார் சொன்னா? பார்க்காரன் சொன்னான். அவன் சொன்னா நம்புவே. இங்க பார்க்காரன் 70ன்னு போட்டா மட்டும் நம்ப மாட்டே. ஒரு பக்கம் நில்லு தம்பி.

ஈப்போ ரைடர் (11:10)
போர்டு நுழையிற நேரத்துக் கணிப்பு அங்கள். அதுக்கப்புறம் ரயில் கெடும், இடி மின்னல் வந்தா நிறுத்துவாங்க, கூடக் காசு கட்டின எக்ஸ்பிரஸ் டிக்கெட்காரங்க பக்கத்து வழியில வந்து கலப்பாங்க. டிஸ்னியில வரிசைக் கடைசியில வர்ற ஆள்கிட்ட சிவப்பு அட்டையைக் கொடுத்து, ஏறுற இடத்துல வாங்கி நேரத்தை அளப்பாங்க. அதுவும் அந்த ஆள் நின்ன நேரம்தான், அடுத்து வர்றவருக்கு இல்லை. சில பார்க்ல கொஞ்சம் கூட்டியும் போடுவாங்க, சொன்னதை விட முன்னாடியே ஏறினா ஜனத்துக்குச் சந்தோஷம்னு.

பழைய கிராணி (11:13)
கூட்டிப் போடுவான்னு நீயே ஒத்துக்கிட்டே. அப்போ 70 கூட இல்லை, 60. அதுல 25 கழிச்சா 35. நன்றி.

ஈப்போ ரைடர் (11:14)
நான் சொன்னது அது இல்லை!

சிப்புட் மல்லி (11:20)
எக்ஸ்பிரஸ்னு வந்ததால சொல்றேன். ஒரே பஸ்ல வந்தோம், ஒரே நாசி லெமாக் பொட்டலம் சாப்பிட்டோம். உள்ள போனதும் ஒரு குடும்பம் மட்டும் தன் பிள்ளைங்களுக்கு எக்ஸ்பிரஸ் வாங்கி, நாங்க நிக்கிற பக்கத்துலயே நடந்து போச்சு. அக்கா மகன், "அவன் ஏன் சித்தி நிக்கலை"ன்னு கேட்டான். பதில் சொல்ல முடியலை.

ஆறாம் லயம் (11:24)
அது எங்க குடும்பம்தான், நேராவே சொல்லுங்க அக்கா. என் தம்பிக்கு ஆஸ்துமா, வெயில்ல நிக்க வைக்க முடியாது. எங்கப்பா ஓவர்டைம் செஞ்ச காசு. இத்தனை நாளா இதை மனசுல வச்சிருந்தீங்களா?

சிப்புட் மல்லி (11:26)
ஆஸ்துமா இருக்கிற பிள்ளையைத் தப்பு சொல்லலை. உங்க வீட்ல மூணு பேர் போனாங்க. மூணு பேருக்கும் ஆஸ்துமாவா?

தைப்பூசத் தொண்டர் (11:30)
1999ல டிஸ்னி, நீள வரிசையில நிக்காம ஏற விடுற ஃபாஸ்ட்பாஸ் கொண்டு வந்தப்போ அது எல்லாருக்கும் இலவசம். 2021ல அதை எடுத்துட்டுக் காசு ஆக்கிட்டாங்க. காசு கட்டினவனை முன்னாடி ஏத்தும்போது நிக்கிறவன் நேரம்தான் நீளுது. சண்டை போடணும்னா அந்த முறையோட போடுங்க, அக்கம்பக்கத்து வீட்டோட வேணாம்.

பழைய கிராணி (11:37)
இதையெல்லாம் எதுக்கு இழுக்கிறீங்க? பேச்சு 45. எக்ஸ்பிரஸ் இல்லை, பத்துமலை இல்லை, ஃபுளோரிடா இல்லை. போர்டுல 70. ஹால்ல 25. யாராவது இந்த ரெண்டு எண்ணையும் தப்புன்னு காட்டுங்க. ரெண்டு மணி நேரமா எழுதுறீங்க, ஒருத்தரும் காட்டலை.

சிப்புட் மல்லி (11:41)
ரெண்டு படமும் போட்டிருக்கேன், பாருங்க. முதல் படத்துல போர்டு தெரியுது, கீழ ஃபோன்ல 11:05. ரெண்டாவதுல பையன் முடியெல்லாம் கலைஞ்சு வெளிய வர்றான், 1:15.

பழைய கிராணி (11:48)
பார்த்தேன். முதல் படத்துல போர்டுல 70 நல்லாத் தெரியுது. அதைத்தான் நானும் சொல்றேன்.

ஈப்போ ரைடர் (11:52)
அங்கள், அப்போ 1:15?

பழைய கிராணி (11:55)
வெளிய வந்து கடையில ஏதாவது வாங்கியிருப்பாங்க.

சிப்புட் மல்லி (11:56)
ஒண்ணும் வாங்கலை! அந்தக் கடையில ஒரு தண்ணி போத்தல் என்ன விலைன்னு தெரியுமா உங்களுக்கு?