அத்தியாயம் காணாமல் போன கதை

கணக்குக் குறிகளோடு ஆவணங்களை அச்சுக்கோக்க உதவும் லேடெக், யாரும் மாற்றிப் பகிரக்கூடிய கட்டற்ற மென்பொருள்தானா என்று யார் கேட்டாலும் எனக்குச் சக ஆசிரியர் ஒருவரின் முகம்தான் ஞாபகம் வரும்.

தருமபுரியில் ஒரு கல்லூரியில் கணக்கு எடுக்கிறேன். வினாத்தாளை டிடிபிக்குக் கொடுத்தால் தொகையீட்டுக் குறி ஒரு பக்கம், அதன் எல்லைகள் ஒரு பக்கமாக வரும். வெறுத்துப்போய் லேடெக்குக்கு மாறினேன். மாறிய ஜோரில், ஆவணத்தின் அமைப்பைத் தீர்மானிக்கும் 'ரிப்போர்ட்' கிளாஸ் கோப்பையே திறந்து, 'சாப்டர்' என்றிருந்த இடத்தில் 'அத்தியாயம்' என்று போட்டுச் சேமித்தேன். கோப்பின் பெயரை மாற்றவில்லை. அதையே பென்டிரைவில் அவருக்கும் கொடுத்தேன்.

அவர் எழுதியதோ ஆங்கிலக் குறிப்பேடு. லேடெக்கின் ஒரு வகையான ஸீலேடெக்கில் ஓட்டியிருக்கிறார். பெயர் அதேதான் என்பதால் அசலுக்குப் பதில் என் கோப்பே ஓடியிருக்கிறது. அவர் எழுத்துருவில் தமிழ் கிடையாது. ஓட்டம் எங்கேயும் நிற்கவில்லை, ஓட்டத்தின் குறிப்புகள் பதிவாகும் லாக் கோப்பில் மட்டும் எச்சரிக்கை. அதை யார் படிக்கிறார்கள்? பிரதி எடுத்த பிறகு பார்த்தால் ஒவ்வொரு அத்தியாயத்தின் தலையிலும் மொட்டையாக 1, 2, 3.

"என்ன சார், சாப்டரையே காணோம்?"

இதற்கு முன்பே ஒரு லினக்ஸ் நண்பர் என்னிடம் சண்டை பிடித்திருந்தார். "மாற்றினால் பெயரையும் மாற்று என்கிறது லேடெக் உரிமம். இதென்ன சுதந்திரம்?" அன்று நானும் தலையாட்டினேன். இந்தக் கூத்துக்குப் பிறகுதான் உரிமத்தை உட்கார்ந்து படித்தேன். என் கணினியில் என்ன செய்தாலும் அது கேட்பதில்லை. பிறருக்குக் கொடுக்கும்போதுதான் நிபந்தனை. பழைய 1.2 பதிப்பு பெயர் மாற்றச் சொன்னது. 1.3 கொஞ்சம் இறங்கிவந்து, 'நான் திருத்தப்பட்டவன்' என்று ஓடும்போது கோப்பே பயனருக்குத் தெளிவாகச் சொன்னால் போதும் என்கிறது. நான் இரண்டையும் செய்யவில்லை.

கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை 1.2-ஐ எரிச்சலூட்டும் உரிமம் என்று திட்டிக்கொண்டே, கட்டற்றது என்றுதான் பட்டியலிட்டிருக்கிறது. ஒரு கோப்பைக் கேட்டால் வேறு பெயரில் உள்ளதை எடுத்துத் தரும் வசதி, லேடெக்குக்கு அடித்தளமான டெக்கில் இருப்பதால் தப்பித்தது. இல்லையென்றால் கட்டற்றதல்ல என்றிருப்பார்களாம். ஜிபிஎல் என்ற இன்னொரு கட்டற்ற உரிமத்தோடு ஒத்துப்போகாது என்பது தனி வழக்கு. டெபியன் என்ற லினக்ஸ் குழுவின் கட்டற்ற மென்பொருள் வரையறையில் 4ஆம் விதியும் வேறு பெயர் கேட்கும் உரிமத்தை ஏற்கிறது.

பங்காளி பிரிந்துபோய்க் கடை வைக்கலாம், அதே சரக்கை விற்கலாம். பழைய பெயர்ப்பலகையை மட்டும் மாட்டக் கூடாது. இதைப் போய் அடிமைத்தனம் என்பது எனக்கு ஒப்பவில்லை.

பதில், கிருஷ்ணகிரியிலிருந்து: எங்கள் டிடிபி கடையிலும் இதே கதை சார். ஓப்பன் ஃபான்ட் லைசென்ஸில் வந்த எழுத்துரு ஒன்றில் 'ஸ்ரீ'யை மட்டும் திருத்தி, அழைப்பிதழ் அடிக்கும் இன்னொரு கடைக்குக் கொடுத்தோம். அசல் எழுத்துருவின் பெயர், அதைச் செய்தவர் தமக்கென ஒதுக்கிய பெயராம், திருத்தியதற்கு வைக்கக் கூடாதாம். வேறு பெயர் வைத்தோம். அது நல்லதாகப் போயிற்று, இரண்டும் ஒரே கணினியில் மோதாமல் இருக்கின்றன.

இன்னொருவர்: உரிமமெல்லாம் சரி சார். ஆவணத்தின் தலையில் 'ரினியூகமாண்ட்' என்ற கட்டளையால் 'சாப்டர்' என்ற சொல்லை மாற்றி ஒரே ஒரு வரி போட்டிருந்தால் கிளாஸ் கோப்பைத் தொடவே வேண்டாமே?

கதையை எழுதியவர்: அது அப்போது தெரியாதுங்க.